நோய் தீர்ந்ததற்கு யார் சாட்சி?

கொழும்பு 14 என்று முகவரி எழுதும் கிராண்ட்பாஸில், ஒரு பெண்ணுக்கு நடந்த சத்திரசிகிச்சை சரிவந்ததா என்ற கேள்விக்கு ஒரே நாளில் மூன்று பதில்கள் கிடைக்கக்கூடும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே இருந்த துளை அடைபட்டுவிட்டது என்று கிளினிக்கில் எழுதி முடிப்பார்கள். தோட்டம் என்று அழைக்கும் நெரிசல் குடியிருப்பின் பொதுக் குழாயடியில், அவள் இன்னும் எத்தனை தரம் துணி அலசுகிறாள், கொடியில் என்ன காய்கிறது என்பதை வைத்து அயலவர்கள் தங்கள் முடிவை எடுத்திருப்பார்கள். அவளோ இரண்டையும் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமா, தொழுகைப் பாயில் நிற்கலாமா, சூசையப்பர் தேவாலயத்தில் ஒரு பூசை முடியும்வரை வாங்கில் உட்கார்ந்திருக்கலாமா என்பதைக் கொண்டு தன் உடம்பை அளப்பாள். இம்மூன்றில் எதை ஆராய்ச்சிக் கணக்கில் எழுதுவது? வைத்தியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய நடைமுறை விஷயம் போல அது தோன்றும். ஆனால் ஒருவர் குணமாகிவிட்டார் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது, அந்தச் சொல்லை மற்றவர் எதை நம்பி ஏற்பது என்ற பழைய கேள்விதான் அதற்குள் இருக்கிறது. நம் சமயங்கள் இதைப் பலமுறை எதிர்கொண்டிருக்கின்றன. மருத்துவ ஆராய்ச்சி அண்மையில்தான் எதிர்கொள்ளத் தொடங்கியிருக்கிறது.

பேசுவது பிஸ்டுலா பற்றி. பிரசவம் நாள்கணக்கில் இழுபடும்போது குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. இரத்தம் போகாத இடத்தில் தசை இறந்துபோகிறது. சில நாட்களில் அது கழன்று விழ, அங்கே ஒரு துளை. அதன்பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மலக்குடல் பக்கமும் துளை விழுந்தால் மலமும் சேரும். ஆசியாவிலும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவிலும் சிகிச்சையின்றி இப்படி வாழும் இளம் பெண்கள் 20 இலட்சத்துக்கும் அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கையில் இது அபூர்வம். 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் இங்கே வைத்தியசாலையில் நடக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். 1879 இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று மனை இன்றும் கொழும்பில் இயங்குகிறது. பிரசவம் பாதுகாப்பான நாடுகளில் மிஞ்சும் பிஸ்டுலாக்கள் பெரும்பாலும் கருப்பை அகற்றும்போது ஏற்படும் காயத்தாலோ, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையாலோ வருபவை. அபூர்வமாக இருப்பது நாட்டுக்கு நல்லது. அந்த நோய் வந்தவளுக்கோ அதுவே இன்னொரு சுமை. தன்னைப் போல் இன்னொருத்தியை அவள் கண்டிருக்க மாட்டாள். அவளைப் பார்க்கும் வைத்தியரும் அதிகம் பேரைக் கண்டிருக்க மாட்டார்.

இந்த நோயின் நவீன சிகிச்சை வரலாறு தொடங்கும் இடமே நம் கேள்வியை அதன் கடுமையான வடிவில் முன்வைக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமரியில், 1845 முதல் 1849 வரை, ஜே. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப் பெண்கள் மீது இந்தச் சத்திரசிகிச்சையைப் பழகினார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் அவருடைய எழுத்திலேயே இருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது தடவை, மயக்க மருந்தில்லாமல். வெள்ளிக் கம்பியால் போட்ட தையல் நின்று துளை மூடியபோது சிம்ஸ் அதை வெற்றி என்று எழுதினார். அந்தச் சொல்லோடு அவர் உலகப் புகழ் பெற்றார். நியூயோர்க் மத்திய பூங்காவில் நின்ற அவர் சிலை 2018 இல் அகற்றப்பட்டது. சிலைச் சர்ச்சையில் பேசப்பட்டதெல்லாம் சம்மதம் பற்றியும் வலி பற்றியும்தான், நியாயமாகவே. அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. துளை மூடியபின் அனார்க்கா எப்படி இருந்தாள்? நடக்க முடிந்ததா, தூங்க முடிந்ததா, வாடை போனதா? அவளே சொன்ன ஒரு வார்த்தையும் நமக்கு எஞ்சவில்லை. வெற்றியின் இலக்கணத்தை எழுதியவர், அதை நிகழ்த்தியவர், அது நிகழ்ந்தது என்று சான்று சொன்னவர் மூவரும் ஒரே ஆள். சிம்ஸ் கொடூரமானவரா என்பதை ஒதுக்கிவைத்தாலும் இந்த அமைப்பு பிழையானது. மிக நல்லவர் ஒருவர் அதே நாற்காலியில் இருந்தாலும், தன்னால் செய்ய முடிந்ததைத்தான் அவர் நோயாளிக்குத் தேவையானது என்று எழுதிவைப்பார்.

இன்றைய ஆய்வுகள் சிம்ஸிடமிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. இருந்தும் அந்த நாற்காலி முழுதாகக் காலியாகவில்லை. 2015 இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆபிரிக்காவின் எட்டு நாடுகளில் 524 பெண்கள். துளையைத் தைத்தபின் சிறுநீரை வடிக்கும் கதீற்றர் குழாயை 14 நாள் வைக்க வேண்டுமா, 7 நாள் போதுமா என்பது கேள்வி. ஏழு நாள் வைத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும், பதினாலு நாள் வைத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும் தையல் விட்டுப்போனது. ஆகவே ஏழு நாள் போதும் என்று முடிந்தது. நல்ல ஆய்வு; ஒரு பெண் ஒரு வாரம் முன்னதாகக் குழாயில்லாமல் வீடு போவது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த ஆய்வின் தலையாய அளவுகோல் மூன்று மாதத்துக்குள் தையல் நின்றதா என்பதே. துளை நன்றாக மூடியும் சிறுநீர் ஒழுகும் பெண்கள் உண்டு. அழுத்தத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்தே சிதைந்திருக்கும். அல்லது தழும்பு விழுந்து பை சுருங்கியிருக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கட்டுரை 'வெற்றி' என்று குறிபோடும். உலர்ந்தால்தான் வெற்றி என்று வைத்துக்கொண்ட இன்னொரு கட்டுரை அவளையே 'தோல்வி' என்று சேர்க்கும். துளையின் இடத்தையும் அளவையும் வகைப்படுத்தவே வால்டைக் முறை ஒன்று, கோ முறை ஒன்று என்று இருக்கிறது. சரிவந்ததா என்று ஒரு வைத்தியசாலை ஒரு மாதத்தில் கேட்கிறது, இன்னொன்று ஆறு மாதத்தில், இன்னொன்று வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே.

பரவலான நோயென்றால் இந்தக் குளறுபடியைத் தாங்கிக்கொள்ளலாம். பத்தாயிரம் பேரைப் பார்த்த ஓர் ஆய்வு தன் அளவுகோலிலேயே ஏதோவொரு முடிவுக்கு வந்துவிடும். அபூர்வ நோயில் அது நடக்காது. ஓர் ஊரில் பதினைந்து பேர், இன்னோர் ஊரில் இருபது பேர் என்று சிதறிக் கிடப்பவர்களைக் கூட்டினால்தான் எதுவும் தெரியவரும். வெவ்வேறு கேள்விக்குச் சொன்ன பதில்களைக் கூட்ட முடியாது. தன் உடம்பின் மிக அந்தரங்கமான துன்பத்தை ஒரு பெண் ஆய்வுக்கென்று திறந்து சொல்லியிருக்கிறாள். கேள்வி பொருந்தவில்லை என்பதால் அந்தச் சொல் யாருக்கும் உதவாமல் கோப்பில் கிடக்கிறது. இதை நான் வெறும் வீண்செலவாகப் பார்க்கவில்லை. வாங்கிய ஒன்றைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது கடன். எந்தெந்த விளைவுகளை எல்லா ஆய்வும் கட்டாயம் அளந்து சொல்ல வேண்டும் என்று நோய்க்கு நோய் ஒரு குறைந்தபட்சப் பட்டியல் செய்துகொள்ளும் இயக்கம், 'கொமெட்' என்ற பெயரில் 2010 இல் லிவர்பூலில் தொடங்கியது. பெண்கள் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2014 இல் 'கிரவுன்' என்ற பெயரில் அதையே தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றால் எவ்வளவும் கூட அளந்துகொள்ளலாம். இவற்றை மட்டும் விடக்கூடாது என்பதே ஏற்பாடு.

அந்தப் பட்டியலில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டவுடன் சாட்சிப் பிரச்சினை எழுகிறது. விவிலியத்தில் இதற்கு இரண்டு மாதிரிகள் அருகருகே உண்டு. லேவியர் நூலில் தோல்நோய் வந்தவன் குருவிடம் போகிறான். குரு தழும்பின் நிறத்தைப் பார்க்கிறார், ஏழு நாள் ஒதுக்கிவைக்கிறார், மீண்டும் பார்த்துத் தூய்மை என்று அறிவிக்கிறார். நோயாளி என்ன உணர்கிறான் என்பதற்கு அங்கே இடமில்லை. மாற்கு நற்செய்தியில் வரும் பன்னிரண்டு வருடப் பெரும்பாட்டுக்காரியின் கதை வேறு. வைத்தியர் பலரிடம் கையிருப்பையெல்லாம் செலவழித்தும் நோய் கூடியதே தவிரக் குறையவில்லை என்று மாற்கு எழுதுகிறார் (வைத்தியரான லூக்கா இந்த இடத்தில் கொஞ்சம் மென்மையாக எழுதுவதை உரைகாரர்கள் புன்னகையோடு கவனித்திருக்கிறார்கள்). அவள் இயேசுவின் ஆடையைத் தொட்டபோது தான் குணமானதைத் தன் உடம்பிலேயே முதலில் உணர்கிறாள். பிறகுதான் யார் தொட்டது என்ற கேள்வி வருகிறது; அவள் கூட்டத்தின் நடுவே நடந்ததை எல்லாம் சொல்கிறாள். குணமானதற்கு முதல் சாட்சி அவள்தான். அவளுடைய சொல்லைக் கேட்டபின்தான் அறிவிப்பு வருகிறது. பிஸ்டுலா கிளினிக்கில் சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயத்தை ஏற்றி, பிறப்புவழியில் மேலிருந்து கீழாக மூன்று பஞ்சை வைத்து, எந்தப் பஞ்சு நீலமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை லேவியர் நூலின் வழியில் வந்தது. மேல் பஞ்சு நீலமானால் துளை. கீழ்ப் பஞ்சு மட்டும் நீலமானால் சிறுநீர்க்குழாய் வழியே கசிவு. சாயமில்லாமல் நனைந்தால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயிலேயே ஓட்டை. அருமையான சோதனை, மூன்று துண்டுப் பஞ்சு இவ்வளவு சொல்வது வியப்புத்தான். ஆனால் அவள் இரவில் எத்தனை தரம் எழும்புகிறாள் என்பதை அந்தப் பஞ்சு சொல்லாது.

வைத்தியர் சோதித்துக் கண்டது உண்மை, நோயாளி சொல்வது அபிப்பிராயம் என்று பிரிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. தமிழ்ச் சைவத்தின் அளவை நூல் இந்தப் பிரிவை ஏற்காது. 13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் செய்த சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுமுன் எதை அறிவு என்று ஒப்புக்கொள்வது என்பதிலிருந்து தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை என்று மூன்று வழிகள். காட்சியையும் அது நான்காகப் பிரிக்கிறது: புலன் வழியாகக் காண்பது, மனத்தால் காண்பது, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். தனக்குள் எழும் இன்பத்தையும் துன்பத்தையும் ஒருவர் அறிவது நேர்க்காட்சி. ஊகத்திலோ அபிப்பிராயத்திலோ அதைச் சேர்க்க முடியாது. இந்தக் கணக்கில் கிளினிக்கை வைத்துப் பார்த்தால் இடங்கள் மாறிவிடுகின்றன. பஞ்சு நீலமாகவில்லை என்று வைத்தியர் காண்பது புலன் காட்சி. தனக்கு இன்னும் வேதனை இருக்கிறது என்று அவள் அறிவதும் காட்சிதான், அதே தரத்தில். பஞ்சு நீலமாகவில்லை, ஆகவே இவளுக்கு இனி ஒன்றுமில்லை என்று வைத்தியர் முடிவெடுக்கும்போது அவர் கருதலுக்குத் தாவிவிட்டார். கருதலைக் கொண்டு காட்சியைத் தள்ளுவது எந்த அளவை நூலிலும் குற்றம்.

ஆனால் இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. தன்வேதனைக் காட்சி அவளுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கோ உங்களுக்கோ அது காட்சியாக வராது. அவள் சொன்னால் உரையாகத்தான் வரும். உரை நம்பத்தக்கதாக இருக்கச் சொல்பவர் உண்மையானவராக இருந்தால் மட்டும் போதாது, கேட்பவர் சரியாகக் கேட்டிருக்கவும் வேண்டும். பௌத்த விநய நூலின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்வு வருகிறது. வயிற்றுப்போக்கால் தன் மலசலத்திலேயே விழுந்து கிடந்த ஒரு பிக்குவை, அவரால் தங்களுக்குப் பயனில்லை என்று மற்றவர்கள் கைவிட்டிருந்தார்கள். புத்தரும் ஆனந்தரும் அவரைக் கழுவித் தூக்கிக் கிடத்துகிறார்கள். அதையொட்டிப் பணிவிடை செய்ய எளிதான நோயாளிக்குரிய ஐந்து குணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று, தன் நலம் நாடும் பணிவிடைக்காரரிடம் நோயின் நிலையை உள்ளபடி சொல்வது: கூடினால் கூடியது என்றும், குறைந்தால் குறைந்தது என்றும், அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்றும். நோயாளியின் வாக்குமூலத்துக்கு இப்படி மூன்று படிகள் வகுத்த பழைய நூல் வேறொன்றை நான் அறியேன். அந்தக் கடமை தன் நலம் நாடுபவரிடம் சொல்வதற்கு மட்டுமே என்பதும் அங்கே இருக்கிறது. கேட்பவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் சொல்பவரைக் குறைகூற முடியாது. ஒத்த கேள்விகளை முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லா இடத்திலும், எல்லாரிடமும், ஒரே இடைவெளியில் கேட்பது அந்தத் தகுதியை உண்டாக்கும் முயற்சி. தனியொருத்தியின் காட்சி பிறர் ஏற்கத்தக்க உரையாக மாறுவது அந்தக் கேள்வியின் வழியாகத்தான். பட்டியலில் உடன்படுவது கடமை என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

நோயாளிகளை உட்காரவைத்தால் பட்டியல் உண்மையில் மாறுகிறதா, அல்லது மரியாதைக்காகச் செய்யும் சடங்கா? மூட்டுவாத ஆராய்ச்சியாளர்கள் 1992 இல் மாஸ்ற்றிக்ற் நகரில் கூடித் தங்கள் துறைக்கான பொது அளவுகோல்களை வகுக்கத் தொடங்கினார்கள். வீங்கிய மூட்டு எத்தனை, நோகும் மூட்டு எத்தனை, இரத்தச் சோதனை என்ன என்று அது போயிற்று. 2002 இல்தான் முதல்முறையாக நோயாளிகளை மாநாட்டுக்கு அழைத்தார்கள். அவர்கள் வந்து சொன்னது களைப்பைப் பற்றி; எழுந்திருக்கவிடாத, நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. நிபுணர்கள் பத்து வருடம் கூடியும் பட்டியலில் ஏறாத ஒன்று அது. இன்று மூட்டுவாத ஆய்வுகளில் களைப்பை அளப்பது வழக்கமாகிவிட்டது. பிஸ்டுலா விஷயத்திலும் இப்படியொரு திருப்பம் தொடங்கியிருக்கிறது. உகண்டாவில் சத்திரசிகிச்சை முடிந்த பெண்களிடம் பேசி, அவர்கள் மீண்டும் குடும்பத்திலும் ஊரிலும் சேர்ந்துவிட்டார்களா என்பதை அளக்கும் வினாக்கொத்து ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கி 2017 இல் வெளியிட்டார்கள்.

இனி மறுப்புகள். முதலாவது, உடன்பாட்டால் உண்மை பிறக்காது என்பது. இந்தப் பட்டியல்களைச் செய்யும் முறைக்கு டெல்பி என்று பெயர். பலரிடம் தனித்தனியே கருத்துக் கேட்டு, மற்றவர்கள் சொன்னதைத் தொகுத்துக் காட்டி, மீண்டும் கேட்பது. பெரும்பாலும் 70 சதவீதம் பேர் முக்கியம் என்றால் அது பட்டியலில் ஏறும். 1950 களில் அமெரிக்காவின் ரான்ட் நிறுவனம் இதை முதலில் பயன்படுத்தியது அணுகுண்டுக் கணக்குக்கு: அமெரிக்க ஆயுத உற்பத்தியை முடக்க சோவியத்துக்கு எத்தனை குண்டு வேண்டும் என்று நிபுணர்களை மதிப்பிடச் செய்தார்கள். அங்கே தெரியாத ஒரு எண்ணை ஊகித்தார்கள். இங்கே மதிப்புகளை முடிவுசெய்கிறோம். எண்ணுக்குச் சரியான ஊகத்தை நோக்கிக் கருத்துகள் குவியலாம். மதிப்புகள் குவிவது சிலவேளை களைப்பினாலும் கூச்சத்தினாலும்தான். இதை ஒப்புக்கொள்கிறேன். இருபது சத்திரசிகிச்சை நிபுணர்களும் ஐந்து நோயாளிகளும் இருக்கும் மேசையில் 70 சதவீதம் என்பது நிபுணர்களின் விருப்பமே. அதனால் வாக்கெடுப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. நோயாளிகள் குழுவின் வாக்கைத் தனியாக எண்ண வேண்டும். அவர்களிடையே பெரும்பான்மை பெற்றது நிபுணர்களிடம் தோற்றாலும் பட்டியலில் இருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு படி போவேன். ஒரேயொரு பெண் சொல்லி, மற்றவர்கள் அதை மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் வெறுமனே குறைந்த மதிப்பெண் மட்டும் கொடுத்திருந்தால், அது வீழ்ந்த வாதமல்ல. அபூர்வ நோயில் அந்த ஒருத்தியே ஒரு வகைத் துன்பத்தின் முழுப் பிரதிநிதியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதைப் பொருளியலாளர் அமர்த்தியா சென்னிடமிருந்து எடுக்கிறேன். 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம் கல்கத்தாவுக்கு அருகே எடுத்த ஒரு கணிப்பில், மனைவியை இழந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றார்கள். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். பெண்கள் நலமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். 2002 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியபோதும் சென் இதையே வேறு தரவுகளால் காட்டினார்: ஆயுட்காலம் அதிகமான கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. இல்லாமைக்குப் பழகியவர் இல்லாததைக் குறையாகச் சொல்வதில்லை. அப்படியானால், பல வருடம் ஒழுகலோடு வாழ்ந்த பெண், ஒழுகல் பாதியாகக் குறைந்ததுமே 'இப்ப சுகம்' என்றால் அதையும் காட்சி என்று ஏற்பதா? தன்வேதனைக் காட்சியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இங்கே ஆட்டங்காண்கிறது.

ஆட்டங்காண்கிறது, விழவில்லை. கைம்பெண்களிடம் கேட்டது அவர்களுடைய வேதனையைப் பற்றிய கேள்வி அல்ல. வேதனையைப் பற்றி அவர்கள் செய்துகொண்ட தீர்ப்பைப் பற்றிய கேள்வி. உடல்நிலை எப்படி என்று கேட்டால், பதில் சொல்பவள் முதலில் தனக்கு எவ்வளவு உரித்து என்று நினைக்கிறாளோ அதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள். இன்று எத்தனை துணி மாற்றினாய், நேற்றிரவு எத்தனை தரம் எழும்பினாய், இருமும்போது ஒழுகுகிறதா, வாடை வரும் என்று பயந்து எங்காவது போகாமல் இருந்தாயா என்று கேட்டால் அந்த ஒப்பீட்டுக்கு இடம் குறைவு. இல்லாமற்போகாது, குறையும். ஆகவே சென் எழுப்பும் சந்தேகம் பொதுப் பட்டியலுக்கு எதிரானதாக எனக்குப் படவில்லை. நன்றாகச் செய்த பட்டியல் ஏன் தேவை என்பதற்கான காரணமாகவே படுகிறது. 'திருப்தியா?' என்று ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்ளும் ஆய்வுதான் கைம்பெண்களின் கணிப்பைத் திரும்பச் செய்கிறது. அதோடு, அவள் சொல்லும் பதிலும் பஞ்சு சொல்லும் பதிலும் முரண்படும்போது இரண்டையும் அருகருகே எழுதிவைக்க வேண்டும். துளை மூடியதா, உலர்ந்ததா, வாழ்க்கை திரும்பியதா என்ற மூன்றையும் ஒரே எண்ணாக்கிச் சராசரி போடுவதைப் போல் மோசமானது வேறில்லை.

மூன்றாவது மறுப்பு கிராண்ட்பாஸிலிருந்தே வரும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஹாம்லின் என்ற வைத்தியத் தம்பதியர் 1974 இல் பிஸ்டுலாவுக்கென்றே கட்டிய வைத்தியசாலைக்கு வரும் பெண்ணுக்கும், கொழும்பில் கருப்பை அகற்றியபின் பிஸ்டுலா வந்த பெண்ணுக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? தொழுகையை எடுத்துக்கொள்வோம். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்), சிறுநீர் அடக்க முடியாதவருக்குத் தொழுகை விலக்கப்படுவதில்லை. அவர் தக்க காரணமுடையவர். தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, வுழூ (தொழுகைக்கு முன் செய்யும் உடற்சுத்தி) எடுத்து, தாமதிக்காமல் தொழலாம். ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் புதிதாக வுழூ. ஹனபி மத்ஹபில் அந்த வுழூ அந்த நேரம் முடியும்வரை செல்லும். இங்கே சட்டம் உடம்பு குணமாகும்வரை காத்திருக்கவில்லை. கடமையின் வடிவத்தை உடம்புக்கேற்ப மாற்றிவிட்டது. தன் ஒழுக்கு எப்படிப்பட்டது என்பதை அவளே அறிவாள் என்றும் ஏற்றுக்கொண்டது. ஒரு சைவப் பெண்ணுக்கோ ஆசாரம் பற்றிய கவலை கோயில் வாசலிலேயே அவளை நிறுத்திவிடலாம். ஒரே அளவு ஒழுகல்; ஒருத்தி தொழுகிறாள், மற்றவள் வீதியில் நின்று கும்பிடுகிறாள். வழிபாட்டுக்குத் திரும்பினாளா என்று அளந்தால் நாம் அளப்பது சத்திரசிகிச்சையையா, சமய விதியையா?

கேள்வி நியாயமானது, அதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, நோயின் துன்பத்தில் ஒரு பகுதியை ஊர்தான் செய்கிறது. அதை வைத்தியரின் தோல்வியாக எழுதக்கூடாது, ஆனால் எழுதாமலும் விடக்கூடாது. துளை மூடியும் அவள் வீதியில்தான் நிற்கிறாள் என்று ஆய்வு காட்டினால், அடுத்துப் பேசவேண்டிய ஆள் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, கோயில் குருக்கள். மௌலவி தன் பெண்களுக்கு அந்தச் சலுகையை எடுத்துச் சொல்லியிருக்கிறாரா என்பதும் அப்போதுதான் தெரியவரும். சட்டத்தில் இருப்பது வேறு, தோட்டத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவது, பொதுக் கேள்வியும் பொதுப் பதிலும் ஒன்றல்ல. எல்லா நாட்டிலும் 'தொழுதாயா' என்று கேட்பது அபத்தம். சத்திரசிகிச்சைக்கு முன்பே, 'இந்த நோயால் விட்டுப்போனவற்றில் எது திரும்ப வேண்டும் என்று நினைக்கிறாய்' என்று அவளிடமே கேட்டு எழுதிவைத்து, ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அது திரும்பியதா என்று கேட்கலாம். ஒருத்திக்கு அது பூசை, இன்னொருத்திக்குக் கணவனோடான உறவு, மூன்றாமவளுக்கு நூற்றுமுப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸில் பயமில்லாமல் உட்காருவது. கேள்வி ஒன்றாக இருப்பதால் விடைகளைக் கூட்டலாம்.

இதெல்லாம் இறைவன் கையில் இருக்கிறது, குணத்தை அளக்கப் போவது ஆணவம் என்ற குரலையும் சில இடங்களில் கேட்கலாம். பொறுமையைப் போற்றாத சமயம் நம்மிடையே இல்லை. ஆனால் பொறுமை துன்பப்படுபவர் தானாக மேற்கொள்வது. பக்கத்தில் நிற்பவர் அவருக்காக அதை எடுத்துக்கொடுக்க முடியாது. விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கி, அவருடைய துன்பத்தின் பொருள் அவரைவிடத் தங்களுக்கே தெரியும் என்றதுதான் அவர்களுடைய பிழை. இறுதியில் கண்டிக்கப்படுவதும் அவர்கள் பேசிய பேச்சுக்காகவே.

கடைசியாக, இலங்கையில் இத்தனை குறைவாக இருக்கும் நோய்க்கு இந்தப் பாடு எதற்கு என்பது. குறைவாக இருப்பதால்தான். இங்கே ஒரு வருடத்தில் வரும் சிலரைத் தனியே வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது. அடிஸ் அபாபாவோடும் கம்பாலாவோடும் சேர்த்தால் கற்கலாம். சேர்ப்பதற்கு வேண்டிய கருவிகளும் முற்றாக இல்லாமலில்லை. பெண்களின் சிறுநீர்க் குறைபாடுகளைக் கேட்டறியும் சர்வதேச வினாக்கொத்து ஒன்றை இலங்கை ஆய்வாளர்கள் தமிழ் பேசும் பெண்களுக்கென்று மொழிபெயர்த்துச் சோதித்து 2017 இல் வெளியிட்டிருக்கிறார்கள். பிஸ்டுலாவுக்கென்று செய்ததல்ல அது. இருந்தாலும் ஒழுகலைப் பற்றித் தமிழில் ஒழுங்காகக் கேட்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று. மீதமிருப்பது அந்தப் பெண்களைக் கண்டு மேசைக்குக் கூட்டிவருவது. அதுதான் கடினம். சங்கம் வைத்துப் பேசக்கூடிய நோயல்ல இது. மாநாட்டு மண்டபத்துக்கு வாருங்கள் என்றால், இரண்டு மணித்தியாலம் ஓரிடத்தில் உட்கார முடியாதவளிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரியவில்லை என்றாகும். டெல்பி முறையில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்பது இங்கே உதவும். பெயர் தெரியாமல், வீட்டிலிருந்தே, தாதி ஒருவர் கேள்வியை வாசிக்க அவள் பதில் சொல்லலாம். அந்தத் தாதி ஆண்பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து வரவேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். ஒற்றை அறை வீடுகள் நிறைந்த தோட்டத்தில் அந்த அறையை எங்கே தேடுவது என்பதையும் ஆய்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே எழுத வேண்டியிருக்கும்.